பக்கவாத்தியம் நடுமேடைக்கு வந்த கதை: 'சக்தி' குழுவின் ஐம்பது ஆண்டுகள்

வெளிமாநிலத்தில் இருக்கும் எந்தத் தமிழ்ச் சங்கத்தின் கச்சேரி அழைப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். பாடுபவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே வயலின், அதற்கும் கீழே மிருதங்கம். கடமோ கஞ்சிராவோ இருந்தால் அது கடைசி வரி. நன்கொடை வசூல் குறைந்துபோனால் முதலில் அடிபடுவதும் அந்தக் கடைசி வரிதான். "உபபக்கவாத்தியம்தானே, இந்த வருஷம் வேண்டாமே" என்று செயற்குழுவில் யாராவது ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. காலங்காலமாக வந்த வழக்கம்.

அந்தக் கடைசி வரிக்காரர் ஒருவர், 1975ஆம் ஆண்டு அமெரிக்காவில், உலகப் புகழ்பெற்ற ஒரு ஜாஸ் கிதார் கலைஞருக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்தார். குழுவின் பெயர் 'சக்தி'. அதன் கதை ஐம்பது ஆண்டு நீண்டது. ஆட்கள் மாறினார்கள், வாத்தியங்கள் மாறின, நடுவில் இருபது வருட மௌனமும் வந்தது. சிறிய குழு ஒன்று மனோதர்மத்தையே முதலாக வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படி வளர்ந்தது, எதைச் சேர்த்தது, எதை இழந்தது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வித்வான் அல்லன். மும்பையில் பிழைக்க வந்து, மாட்டுங்கா, செம்பூர் சபாக்களில் கச்சேரி கேட்டே காது வளர்த்துக்கொண்ட ரசிகன். ஜாஸ் பிறகு சேர்ந்த பழக்கம். இரண்டையும் கேட்கிறவன் என்ற ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன்.

ஜாஸ் பக்கத்திலிருந்து ஒரு பார்வை

ஜாஸ் சிறுகுழு என்பது சாதாரணமாக மூன்று முதல் ஆறு பேர். எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை முதலில் வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கற்பனையில் வாசிப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். நமக்கு இது புதிதல்ல. பல்லவியை எடுத்து, நிரவல், ஸ்வரம் என்று சுற்றிவிட்டு மறுபடி பல்லவிக்கு வந்து சேர்கிற அதே வழிதான். இரண்டு பேர் நான்கு நான்கு தாள அளவாக மாற்றி மாற்றி வாசிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. நம் தனி ஆவர்த்தனத்தின் குறைப்புக்குத் தூரத்துச் சொந்தம்.

இன்னொரு ஒற்றுமை இருக்கிறது. ஜாஸிலும் பக்கவாத்தியம் உண்டு. ட்ரம்ஸும் பேஸ் வாத்தியமும் வெகுகாலம் தாளம் காத்து, தரை போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றன. அந்த ஒதுக்கம் உடைந்ததே ஜாஸ் சிறுகுழுவின் வளர்ச்சியில் பெரிய திருப்பம். பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் 'வில்லேஜ் வேன்கார்ட்' அரங்கில் வாசித்தது பதிவாகியிருக்கிறது. அதில் பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ தரை போடுவதோடு நிற்கவில்லை. பியானோவோடு சரிக்குச் சரி பேசுகிறார். பதினொரு நாள் கழித்து, ஜூலை 6ஆம் தேதி, கார் விபத்தில் அவர் இறந்துபோனார். ஆனால் அவர் திறந்த கதவை அதற்குப் பின் யாரும் மூடவில்லை.

இந்தியாவும் ஜாஸும் சந்தித்தது 'சக்தி'யில்தான் முதன்முறை என்று சொல்லிவிட முடியாது. கொல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும், ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்து போன சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டும் 1966லேயே லண்டனில் ஐந்து ஜாஸ்காரர்களையும் இந்திய இசைக்காரர்கள் ஐவரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். ஆனால் அந்த முயற்சியில் பெரும்பகுதி மேயர் எழுதிக் கொடுத்த இசை. இரண்டு வீட்டார் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி. ஒரே இலையில் சாப்பிட்ட மாதிரி இல்லை.

1975: வாத்தியங்களைக் குறைத்த மேடை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1942ல் பிறந்தவர் ஜான் மெக்லாக்லின். மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் மின்கிதார் வாசித்துப் பெயர் பெற்று, 1971ல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா'வைத் தொடங்கினார். காது கிழியும் சத்தம், மின்னல் வேகம், பெரிய பெரிய அரங்கங்கள். அந்தப் புகழின் நடுவில்தான் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொள்ளப் போனார். அந்த வட்டத்தில்தான் வயலின் எல். சங்கரின் பழக்கம் ஏற்பட்டது. யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன் சங்கர்; எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்துவந்த ராம்நாட் வி. ராகவனும் சேர்ந்தார். மும்பை மாஹிமில் வளர்ந்த, தபலா மேதை அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன் வந்தார். சென்னையிலிருந்து கடம் 'விக்கு' விநாயக்ராம் வந்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளில் வாசித்தவர் அவர்; தந்தை ஹரிஹர சர்மா 1958ல் தொடங்கிய ஜெயகணேஷ் தாளவாத்திய வித்யாலயத்தின் வாரிசு.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் இவர்கள் வாசித்ததுதான் மறு வருடம் முதல் இசைத்தட்டாக வந்தது. அன்று ஜாகிருக்கு வயது 24, சங்கருக்கு 25, விநாயக்ராமுக்கு 32, மெக்லாக்லினுக்கு 33.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த மேடையில் இல்லாதவற்றை. ட்ரம்ஸ் இல்லை, பேஸ் கிதார் இல்லை, கீபோர்டு இல்லை. மெக்லாக்லினின் மின்கிதாரும் இல்லை. மரக்கிதார் ஒன்றைத் தனியாகச் செய்வித்து, அதன் துளைக்குக் குறுக்கே ரீங்காரத் தந்திகள் கட்டி, மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்க வைத்திருந்தார். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிறோமே, அந்த இழுப்புக்கு இடம் வேண்டும் என்பதற்காக. உலகமே கைதட்டிய சத்தத்தை வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் மனுஷன்.

தட்டில் மொத்தம் மூன்றே உருப்படிகள். ஒன்று பதினெட்டு நிமிடம், ஒன்று ஐந்து நிமிடத்துக்குள், ஒன்று இருபத்தொன்பது நிமிடம். கேட்டுப் பார்த்தால் ஒன்று புரியும். கிதாரும் வயலினும் ஒரே ஸ்வர வரிசையை ஓடி ஓடி ஒன்றாக வாசிக்கிற இடங்களில் மயிரிழை பிசகு இல்லை. இந்த ஒட்டுதல் எங்கிருந்து வந்தது? நம் வயலின்காரர்களின் தொழிலே அதுதானே! பாடகர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமலே, அவர் வாயைத் திறந்த அரை நொடிக்குள் கூடப் போய்ச் சேர வேண்டும். பக்கவாத்தியமாக வாசித்துத் தேறிய கை அது.

கடத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் சொன்னதைக் கேட்டு, மனதில் வாங்கி, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டியது கடத்தின் பொறுப்பு. முன்கூட்டி எழுதி வைத்தது எதுவும் கிடையாது. மிருதங்க வித்வான் என்ன கோர்வை வைக்கப் போகிறார் என்பது அந்த நிமிஷம்தான் தெரியும். வாழ்நாள் முழுக்க இப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது ஜாஸ் மேடைக்குப் போனால் என்ன ஆகும்? ஜாஸில் மிகப் பெரிய திறமை என்று கருதப்படுவதே அடுத்தவர் வாசிப்பதைக் கேட்பதுதான். ஆக, நம்மூரில் கடைசி வரியாக இருந்தவர் அங்கே முதல் வரிக்கே தயாராகப் போயிருந்தார். 'சக்தி'யின் பலம் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால், பக்கவாத்தியப் பயிற்சியில் என்றுதான் சொல்வேன். மெக்லாக்லினின் பெருமை அதைப் பார்த்த கண்ணில் இருக்கிறது.

மிருதங்கம் எங்கே போச்சு?

அடுத்த இரண்டு தட்டுகளும் அரங்கில் அல்லாமல் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானவை. 1976ல் லண்டனில் பதிவானது 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. 1977ல் வந்தது 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்'. இரண்டிலும் ராகவன் இல்லை. ஐவர் நால்வரானார்கள்.

மிருதங்கம் கற்பிக்கும் நண்பர் ஒருவருக்கு இந்தத் தட்டுகளைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நன்னாத்தான் இருக்கு சார். ஆனா மிருதங்கம் எங்கே போச்சு? தலைப்பிள்ளையை வெளியில அனுப்பிட்டுக் குடும்பம் நடத்தற மாதிரின்னா இருக்கு" என்றார்.

அவர் ஆதங்கம் நியாயமானது. ஆனால் இசையின் வளர்ச்சி என்று பார்த்தால் அந்த வெற்றிடம்தான் ஒரு காரியத்தைச் செய்தது. மிருதங்கம் இருக்கும்வரை கடத்துக்கு ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் சொல்ல, இது கேட்க வேண்டும். பெரியவர் எழுந்து போன பிறகு கடமும் தபலாவும் நேருக்கு நேர் உட்கார்ந்தன. ஒன்று தஞ்சை வழிச் சொற்கட்டு, இன்னொன்று பஞ்சாப் கரானாவின் பாஜ். யார் பக்கம், யார் உபபக்கம் என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. இரண்டாவது தட்டின் முதல் உருப்படி, 'ஆனந்த நடனம்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தலைப்புக் கொண்டது, கொன்னக்கோலில்தான் தொடங்குகிறது. கை படுவதற்கு முன்னால் வாயால் சொல்கிற ஜதி. நம் குருகுலத்துத் திண்ணைச் சொத்து ஒரு மேல்நாட்டுத் தட்டின் வாசலில் கோலமாகப் போடப்பட்டது.

மூன்றாவது தட்டைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. எட்டு உருப்படிகள், பெரும்பாலும் சுருக்கமானவை. மெட்டுகள் அழகு, பதிவு சுத்தம். ஆனால் முதல் தட்டில் இருந்த 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற படபடப்பு குறைந்துவிட்டது. மனோதர்மத்துக்குச் சூடேற நேரம் வேண்டும். ஆலாபனையை மூன்று நிமிடத்தில் முடித்துக் கொடு என்றால் ராகத்தின் முகம் தெரியலாம், மனசு தெரியாது. 1978ல் குழு கலைந்தது. தட்டின் நீளமும் அமைப்பும் வேறு ஏதோ ஒரு கணக்குக்குக் கட்டுப்பட ஆரம்பித்த நேரத்திலேயே கலைந்ததால் ஒருவகையில் பேர் கெடாமல் போயிற்று என்பது என் எண்ணம்.

ஒரே மெட்டு, மூன்று வாத்தியம்

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1997ல், 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் குழு மறுபிறவி எடுத்தது. மெக்லாக்லின், ஜாகிர், விநாயக்ராம் மூவரும் பழையவர்கள். வயலின் இருந்த இடத்தில் ஹரிபிரசாத் சௌராசியாவின் பன்சூரி. 1999ல் இன்னொரு மாற்றம்: குழலின் இடத்தில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ்; தந்தை விநாயக்ராமின் இடத்தில் மகன் செல்வகணேஷ்.

இந்த மாற்றங்களை எடைபோட ஒரு சுலபமான வழி இருக்கிறது. 'லோட்டஸ் ஃபீட்' என்ற மெக்லாக்லினின் விளம்ப கால மெட்டு 1975, 1997, 1999 மூன்று மேடைகளிலும் பதிவாகியிருக்கிறது. மெட்டு எளிமையிலும் எளிமை. வேகம் காட்ட இடமே கிடையாது. ஆகவே யார் என்ன மனசோடு வாசிக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

1975ல் சங்கரின் வயலின் அதைப் பாடுகிறது; வாய்ப்பாட்டில் தோய்ந்த வில். கிதார் அடக்கமாகக் கூட வருகிறது. 1997ல் குழல் வந்ததும் மெட்டுக்கு மூச்சு கிடைத்துவிடுகிறது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள காற்றே இசையாகிறது. அந்தக் குழுவின் மொத்த நடையே அப்படித்தான் மாறியது. அதே தொகுப்பில் 'முக்தி' என்ற உருப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேல் போகிறது. 1977ல் சுருங்கியது இருபது வருஷம் கழித்து விரிந்தது. அவசரம் என்பதே இல்லாத வாசிப்பு. இந்துஸ்தானி ஆலாபின் பொறுமையை ஜாஸ்காரர் ஒருவர் இவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்ததே பெரிய விஷயம்.

1999ல் மாண்டலின். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. இதற்குள் மெக்லாக்லின் மின்கிதாருக்குத் திரும்பியிருந்தார். ஸ்ரீநிவாஸினுடையதும் மின்மாண்டலின். இரண்டும் மீட்டுகிற தந்திகள். தூரத்திலிருந்து கேட்டால் குரல் கிட்டத்தட்ட ஒன்று. வில்லுக்கும் மீட்டலுக்கும், மூச்சுக்கும் மீட்டலுக்கும் இருந்த வண்ண வேற்றுமை போய்விட்டது. இது நஷ்டம்தான். ஆனால் லாபம் வேறு இடத்தில் வந்தது. குரல் ஒன்றாக இருப்பதாலேயே சிந்தனை வேறாக இருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஒரு ஸ்வரத்துக்குப் போக மெக்லாக்லின் படியேறுகிறார். ஸ்ரீநிவாஸ் வழுக்கிக்கொண்டு போகிறார். அவர் ராகத்துக்கு வெளியே ஒரு காலை வைத்துவிட்டு வருவார். இவர் வீட்டைத் தாண்டாமலே வீட்டுக்குள் இன்னும் பத்து அறை இருப்பதைக் காட்டுவார். 'தி பிலீவர்' தட்டில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். ஆறேழு வயதிலேயே மேதை என்று கொண்டாடப்பட்ட பிள்ளைகள் பலர் அந்தப் பாரத்தைச் சுமந்தே களைத்துப் போவார்கள். ஸ்ரீநிவாஸ் முப்பது வயதில் இன்னொருவரிடம் கேட்டுக் கற்கும் மாணவனின் முகத்தோடு வாசித்தார். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதைக்கு அதுதான் காரணம்.

செல்வகணேஷ் வந்ததும் கவனிக்க வேண்டியது. கஞ்சிரா ஜி. ஹரிசங்கரிடம் கற்றவர். கடமும் மிருதங்கமும் கூட வாசிப்பார். ஆக, ராகவனுக்குப் பின் தனி இடம் இழந்த மிருதங்கம், செல்வகணேஷின் கையில் பல வாத்தியங்களில் ஒன்றாக எட்டிப் பார்த்தது. ஆனால் அவர் பேர் சொல்லும் வாத்தியம் கஞ்சிராதான். ஒரு கையளவு வட்டம், ஒரு தோல், ஒரு ஜோடி சில்லு. அதில் கும்காரம் போட்டுத் தபலாவின் இடக்கைப் பாயாவுக்குப் பதில் சொல்லும்போது ஜாகிர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவார். மறுபடியும் ஓர் உபபக்கவாத்தியம், மறுபடியும் நடுமேடை. 2007ல் மெக்லாக்லினும் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோலைக் கற்றுத்தரும் டிவிடி ஒன்றை வெளியிட்டார்கள். அதைப் பார்த்து ஜதி கற்றுக்கொள்கிற மேல்நாட்டு மாணவர்களுக்குக் கொன்னக்கோல் எந்தப் பாட்டுக்கும் பக்கம் இல்லை, அதுவே பாடம்.

குரல் வந்த பிறகு

2000 டிசம்பரில் நம் மும்பையில் நடந்த கச்சேரிகள் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' என்ற தட்டாக 2001ல் வந்தன. சந்தூர் சிவகுமார் சர்மா, ட்ரம்ஸ் சிவமணி என்று விருந்தாளிகள் பலர். சந்தோஷமான இரவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் குடும்பப் பேச்சு நடக்காது. நான்கு பேர் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாசித்த நெருக்கம் அந்த ஜனத்திரளில் அங்கங்கே தொலைந்துபோகிறது.

அந்தத் தட்டிலிருந்து நிலைத்த சேர்க்கை சங்கர் மகாதேவன். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நம்மூர்க்காரர் என்ற பெருமையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு யோசிக்க வேண்டிய கேள்வி ஒன்று இங்கே இருக்கிறது. அதுவரை 'சக்தி'யில் பாடகர் கிடையாது. பாடகர் இல்லாததால்தான் எல்லா வாத்தியமும் சமமாக இருந்தன. குரல் வந்தால் சொல் வரும். சொல் வந்தால் கேட்கிறவர் கவனம் முழுக்க அங்கே போகும். மற்ற எல்லாம் தன்னால் பக்கவாத்தியமாகிவிடும். கர்நாடக மேடையின் பழைய வரிசை பின்வாசல் வழியாக உள்ளே வருமா, வராதா?

என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன். இரண்டும் நடந்தது. அவர் ஸ்வரம் பாடும்போதும், கிதாரோடு சங்கதிக்குச் சங்கதி போட்டியிடும்போதும் குரல் இன்னொரு வாத்தியமாகத்தான் இருக்கிறது. அந்த வேகத்தில் அந்தச் சுருதி சுத்தம் எல்லோருக்கும் கைவராது. ஆனால் சாகித்தியத்தை எடுத்துப் பாடுகிற இடங்களில் மற்றவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்து இடம் விடுகிறார்கள். அழகான பாட்டு கிடைக்கிறது. சமமான உரையாடல் சில நிமிடம் நின்றுவிடுகிறது. அரங்கம் அந்த இடங்களில்தான் அதிகம் கைதட்டுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குழு பெரிய ஜனங்களைச் சேர்ந்தது; அதற்கான விலையைக் கொஞ்சம் கொடுத்தது.

பிரிவும் மறுபடி கூடலும்

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45. அதோடு 'ரிமெம்பர் சக்தி' முடிந்தது.

ஆறேழு வருடம் கழித்து மீண்டும் கூடியபோது அந்த இடத்துக்கு இன்னொரு மாண்டலினைத் தேடவில்லை. இந்தக் குழுவின் வளர்ச்சியில் நான் மிகவும் மதிக்கிற குணம் இது. வயலின் போனால் வயலினைத் தேடாமல் குழல், குழலுக்குப் பின் மாண்டலின், கடத்துக்குப் பின் கஞ்சிரா. போனவரைப் போலவே ஒருவரை உட்கார வைத்தால் அவர் நகலாகத்தான் இருக்க முடியும். வேறு வாத்தியம் வந்தால் மற்றவர்களும் தங்கள் வாசிப்பை மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். ஒவ்வொரு இழப்பும் அவர்களை மறுபடி மாணவர்களாக்கியது. மாண்டலினுக்குப் பிறகு, சுற்றி வந்து, வயலினே திரும்பியது: 'கணேஷ்-குமரேஷ்' இரட்டையரில் ஒருவரான கணேஷ் ராஜகோபாலன்.

2023 ஜனவரியில் பெங்களூர், மும்பை, கொல்கத்தா, தில்லி என்று ஐம்பதாம் ஆண்டுப் பயணம். அதே ஆண்டு ஜூனில் 'திஸ் மொமெண்ட்' தட்டு. 1977க்குப் பின் 46 ஆண்டுகள் கழித்து வந்த கூடப் பதிவு. அதன் முதல் உருப்படி ஸ்ரீநிவாஸின் நினைவாகவே அமைந்தது. தொற்றுநோய்க் காலத்தின் பிரிவால் ஆளுக்கு ஓர் ஊரில் இருந்தபடி வாசித்துச் சேர்த்த இசை இது. மனோதர்மக் குழு ஒன்று ஒரே அறையில் உட்காராமல் வாசிக்கலாமா என்று கேட்டால், என் பதில் அரைமனசானது. தாளக்கட்டு பிரமாதம், பதிவு பளிங்கு. ஆனால் ஒருவர் தடுக்கி விழப்போகும்போது இன்னொருவர் கைகொடுத்துத் தூக்குகிற அந்தக் கணம், 1975ன் தட்டில் பத்து இடத்தில் கேட்பது, இதில் அபூர்வம். மேடையில் அதே உருப்படிகள் உயிர்பெற்றதற்குக் காரணம் அந்த ஆபத்து திரும்பி வந்ததுதான்.

2024 பிப்ரவரி 4 அன்று அந்தத் தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. நம் பத்திரிகைகள் கொண்டாடின. அதில் ஒரு சிறிய செய்தி எனக்கு இனித்தது. 'பிளானட் ட்ரம்' தட்டுக்காக விக்கு விநாயக்ராமும் ஜாகிரும் பங்கேற்ற குழு 1992லேயே கிராமி வாங்கியிருந்தது. கடைசி வரிக்காரர்கள் என்று நாம் அச்சடித்த குடும்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் அந்தப் பெருமை.

அந்த வருடம் முடிவதற்குள், டிசம்பர் 15 அன்று, ஜாகிர் உசேன் சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். வயது 73. 'சக்தி'யின் எல்லா வடிவங்களிலும் இருந்தவர்கள் இரண்டே பேர்: மெக்லாக்லினும் ஜாகிரும். பாடகருக்கு, சிதாருக்கு, நடனத்துக்குப் பக்கம் வாசிக்கவென்றே வளர்ந்த தபலாவை, பேரைச் சொன்னாலே அரங்கம் நிரம்பும் வாத்தியமாக்கியவர்களில் ஒருவர் போய்விட்டார். இனி அந்தப் பெயரில் என்ன நடந்தாலும் அது வேறு கதை.

'கதம்பம்' என்று ஒதுக்குவோருக்கு

ஃப்யூஷன் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பல சமயம் அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. பின்னால் கீபோர்டு போட்டுவிட்டு, தியாகராஜர் கீர்த்தனைக்கு ட்ரம்ஸ் அடித்துவிட்டால் அது ஃப்யூஷன் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். 'சக்தி'யை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதற்கு என் காரணம் ராக சுத்தமோ தாள சுத்தமோ அல்ல. அந்தக் குழு இரண்டு மரபுகளிலும் ஏற்கெனவே இருந்த ஒரு குணத்தை, கேட்டு வாசிக்கும் குணத்தை, வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. எல்லோரும் சமமாக உட்கார்ந்த காலத்தில் அதன் இசை உச்சத்தில் இருந்தது. நேரம் சுருங்கியபோதும், கூட்டம் பெருகியபோதும், சொல் முன்னால் வந்தபோதும் சற்றுக் கீழே இறங்கியது. ஐம்பது வருடத்தையும் சேர்த்துக் கேட்டால் எனக்குத் தெரிகிற அளவுகோல் இது ஒன்றுதான்.

இதை நம் குழந்தைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வெளியூரில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடம், டியூஷன் நடுவே, சனி ஞாயிறுகளில் மிருதங்கமும் கஞ்சிராவும் கற்கிற பிள்ளைகள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். "கத்துண்டு என்ன பண்ணப் போறே? கடைசி வரைக்கும் யாருக்காவது பின்னாடிதானே உட்காரணும்" என்று சொந்தக்காரர்கள் கேட்பதையும் அவர்கள் கேட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 1975ஆம் ஆண்டுத் தட்டை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். இருபத்தொன்பது நிமிடமும் பொறுமையாகக் கேட்கட்டும். பானைமேல் விழுகிற அந்த விரல்கள் எப்போது வழிவிடுகின்றன, எப்போது வழிகாட்டுகின்றன என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த வகுப்புக்கு வாத்தியத்தை எடுத்துக்கொண்டு அவர்களாகவே கிளம்புவார்கள்.